குறிப்புகளை ஏஐயிடம் கொடுத்தால் அது என்ன செய்கிறது?

"எல்லாத்தையும் ஏஐக்குள்ள போட்டுட்டேன்பா. இனிமே நான் மறந்தாலும் அதுக்குத் தெரியும்" என்றார் மாமா. சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியைத் திறந்து காட்டினார். பத்து வருடங்களாகச் சேர்ந்த குறிப்புகள், மருந்தகச் சீட்டுகளின் படங்கள், மத்திய சேமநிதிக் கடிதங்கள், வாட்ஸ்அப்பில் வந்த ரசப்பொடி அளவு, குளிர்சாதனப் பெட்டி வாங்கிய ரசீது. எல்லாவற்றையும் ஒரு குறிப்புச் செயலியில் ஏற்றி, அதிலிருக்கும் ஏஐ வசதியையும் முடுக்கிவிட்டிருந்தார்.

"அத்தைக்கு அடுத்த கண் பரிசோதனை எப்பன்னு கேளுங்க மாமா" என்றேன். கேட்டார். நாள், நேரம், எத்தனையாவது மாடி என்று தயங்காமல் பதில் வந்தது. மாமாவுக்கு ஒரு நொடி பெருமை. அப்புறம் முகம் மாறியது. அது போன வருடத்துத் தேதி.

"என்னப்பா, பொய் சொல்லுது?"

ஐந்து நிமிடத்துக்கு முன் எல்லாம் தெரிந்திருந்த ஒன்று, இப்போது பொய்யாகிவிட்டது. இரண்டு முடிவுக்கும் வேர் ஒரே தப்பெண்ணம்தான். நாம் கொடுத்ததையெல்லாம் ஏஐ படித்து மனத்தில் இருத்திக்கொள்கிறது என்று நினைக்கிறோம். அது அப்படி எதையும் இருத்திக்கொள்வதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுகிறது, கையில் சிக்கிய சில துண்டுகளைப் படிக்கிறது, படித்ததை வைத்துப் பதில் சொல்கிறது. அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கக் கணினிப் பாடம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

## அஞ்சறைப் பெட்டி போதாத இடம்

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம். விளக்கைப் போடாமலே கை சரியான இடத்துக்குப் போகும். கணினியில் நாம் உண்டாக்கும் கோப்புறையும் அதே யோசனைதான். மருத்துவம் ஒன்று, வீடு ஒன்று, பணம் ஒன்று.

பொருள் ஏழெட்டாக இருக்கும் வரை இது அருமையாக வேலை செய்யும். ஆனால் அத்தையின் கண் சிகிச்சைக்காக மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து தொகை கழித்த கடிதத்தை எங்கே வைப்பது? மருத்துவத்திலா, பணத்திலா, அத்தை பெயரில் இருக்கும் கோப்புறையிலா? எங்கே வைத்தாலும் ஆறு மாதம் கழித்து வேறொரு இடத்தில்தான் தேடுவோம்.

நூலகர்களுக்கு இந்தத் தலைவலி பழசு. கணக்கு ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் இதோடுதான் மல்லுக்கட்டினார். ஒரு புத்தகத்துக்கு அலமாரியில் ஓர் இடம்தான், அது பேசும் விஷயமோ பல. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை ஒரு நூலை ஒரே பெட்டியில் திணிக்கவில்லை. அது எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகங்களாகப் பிரித்துக் குறித்தது. நம் செயலிகளில் போடும் குறிச்சொல், அதாவது 'டேக்', அதற்குத் தூரத்துச் சொந்தம். ஒரே குறிப்புக்கு 'அத்தை', 'கண்', 'மெடிசேவ்' என்று மூன்றையும் ஒட்டலாம்.

ஒட்டுவது யார் என்பதுதான் கேள்வி. நான் மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டவன்.

## சொல்லைத் தேடுவதும் பொருளைத் தேடுவதும்

கோப்புறையும் வேண்டாம், குறிச்சொல்லும் வேண்டாம், தேடல் பெட்டியில் தட்டினால் போதாதா? ஆங்கிலத்தில் ஓரளவு போதும். தமிழில் சீக்கிரமே முட்டும். 'மருந்தகம்' என்று தட்டுகிறீர்கள். குறிப்பில் இருப்பது 'மருந்தகத்துக்குப் போகணும்'. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடல், 'மருந்தக' வரை வந்து, அடுத்தது 'ம்' இல்லை, 'த்' என்றதும் கைவிரித்துவிடும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது. வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே உருமாறுகிற மொழி நம்முடையது.

போதாததற்கு, சிங்கப்பூர்க்காரர் குறிப்பு எந்த மொழியில் இருக்கும் என்று அவருக்கே தெரியாது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவே 'பசார்', 'மக்கான்' என்று மலாய். மாமா 'ஐ செக்கப்' என்று எழுதியிருப்பார், 'கண்' என்று தேடுவார்.

இப்போது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போவோம். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, இருமல் விடல" என்கிறீர்கள். கடைக்கார அண்ணன் சித்தரத்தை, கண்டந்திப்பிலி, அதிமதுரம் என்று மூன்று டப்பாவை இறக்குகிறார். 'சளி' என்று எந்த டப்பாவிலும் எழுதியில்லை. எது எதோடு சேரும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பேரங்காடியில் அலமாரிப் பெயரைப் பார்த்துத் தேடுவது சொல்வழித் தேடல். அண்ணன் செய்வது பொருள்வழித் தேடல். ஏஐ குறிப்புச் செயலிகளில் புதிதாக வந்திருப்பது இந்த இரண்டாவதுதான்.

சுருக்கமாக: கோப்புறை என்றால் ஓர் இடம், குறிச்சொல் என்றால் பல இடம், சொல்வழித் தேடல் எழுத்தைப் பார்க்கும், பொருள்வழித் தேடல் சொல்லவருவதைப் பார்க்கும். இயந்திரம் எப்படி அதைப் 'பார்க்கும்' என்பது அடுத்த கேள்வி.

## பொருளுக்கு ஓர் அஞ்சல் குறியீடு

சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும். அங் மோ கியோ வட்டாரத்தின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் 56-இல் தொடங்கும், பக்கத்து பீஷான் 57. முகவரியே தெரியாதவர்கூட இரண்டு குறியீட்டைப் பார்த்து, இவை அக்கம்பக்கமாக இருக்கலாம் என்று ஊகித்துவிடலாம். இடத்தை எண்ணாக்கிவிட்டதால் கிடைத்த வசதி.

இதையே ஒரு வாக்கியத்தின் பொருளுக்குச் செய்தால்? அதற்குப் பெயர் 'எம்பெடிங்'. ஒரு துண்டு எழுத்தின் பொருளை எண்களின் வரிசையாக மாற்றுவது. இந்தக் கட்டுரையில் அந்த வரிசையைப் 'பொருளெண்கள்' என்று சொல்லிக்கொள்கிறேன். நிலப்படத்தில் ஓர் இடத்தைக் குறிக்க இரண்டு எண் போதும், அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று. பொருளைக் குறிக்க அது போதாது. சில நூறு எண்களிலிருந்து சில ஆயிரம் எண்கள் வரை தேவைப்படுகின்றன. கற்பனை செய்து பார்க்க முயல வேண்டாம், யாராலும் முடியாது. இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்பதைக் கணக்கிட முடியும், அதுதான் முக்கியம்.

இந்த எண்களை உட்கார்ந்து யாரும் நிர்ணயிக்கவில்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'காலையில் ஒரு கிளாஸ் ____ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.' கோடிட்ட இடத்தில் காப்பி வரும், தே வரும், கஞ்சி வரும், நாற்காலி வராது. கோடிக்கணக்கான வாக்கியங்களில் எந்தச் சொல் எந்தச் சொற்களுக்கு நடுவே உட்காருகிறது என்று பார்த்துப் பார்த்து, காப்பிக்கும் தேக்கும் நெருங்கிய எண்களை இயந்திரமே கொடுத்துவிடுகிறது. கூகல் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட 'வேர்ட்டுவெக்' இந்த யோசனையைப் பரவலாக்கியது. அப்போது தனிச் சொற்களுக்கு. இப்போது முழுப் பத்திகளுக்கும், பல மொழிகளுக்கும் சேர்த்து. பல மொழியில் பயிற்சி பெற்ற நிரல்களில் 'கண் பரிசோதனை'யும் 'ஐ செக்கப்'பும் அடுத்தடுத்த வீடுகள்.

செயலியில் நடப்பது இதுதான். உங்கள் குறிப்புகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பொருளெண்களை எழுதிப் பட்டியலில் வைக்கும். நீங்கள் கேள்வி கேட்டால் அதற்கும் பொருளெண்களைப் போடும். பட்டியலில் அதற்கு மிக நெருக்கமான ஐந்து, பத்துத் துண்டுகளை எடுக்கும்.

## அப்படியானால் 'தானாக ஒழுங்குபடுத்துவது'?

விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்படும் இதற்கும் அதே எண்கள்தான். நெருக்கமான துண்டுகளைக் கும்பல் கும்பலாகச் சேர்த்து, ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு தலைப்பு வைப்பது.

என் குறிப்புகளில் இதை ஓட்டிப் பார்த்தேன். சமையல், பிள்ளைகளின் பள்ளி, பயணம் என்று எதிர்பார்த்த கும்பல்கள் வந்தன. எதிர்பாராத ஒன்றும் வந்தது. 'சீலிங்ல ஈரம்', 'குளியலறை மேல மஞ்சக் கறை', 'மேல் வீட்டுக்காரர்கிட்ட பேசணும்', 'பெயின்ட் உரியுது, படம் எடு' என்று இரண்டு வருட இடைவெளியில் நான் கிறுக்கியிருந்த நான்கு வரிகள் ஒன்றாக நின்றன, மேலே 'மேல்மாடி நீர்க்கசிவு' என்ற தலைப்போடு. ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. கசிவு எப்போது ஆரம்பித்தது என்று மேல் வீட்டுக்காரரிடம் நான் ஒவ்வொரு முறையும் மழுப்பிக்கொண்டிருந்த விஷயம், திரையில் வரிசையாக. உண்மையிலேயே அசந்துபோனேன்.

அதே கும்பலில் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது: 'ரசம் டப்பா ஒழுகுது, புதுசு வாங்கு.'

ஒழுகல் ஒழுகல்தானே, எண்களுக்கு அது போதும். அதனால்தான் தானியங்கி ஒழுங்குபடுத்தலை முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அது போட்ட தலைப்பில் கோப்புகளை நகர்த்தவோ அழிக்கவோ அனுமதிப்பதில்லை.

## தேடுவது ஒன்று, பேசுவது இன்னொன்று

இதுவரை சொன்னது தேடல். பதிலைக் கோத்துச் சொல்வது வேறொரு பாகம், 'மொழி மாதிரி'. பெருமளவு எழுத்தைப் படித்து, ஒரு வாக்கியத்தில் அடுத்து எது வரும் என்று கணிக்கப் பழகிய நிரல் அது. சாட்ஜிபிடி, ஜெமினை போன்றவற்றின் உள்ளே இருப்பது. அதன் பயிற்சி நீங்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அத்தையின் கண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவர் நன்றாக எழுதுவார், பாடம் மட்டும் படித்ததில்லை. ஓர் உதவியாளர் ஓடிப்போய் நூலகத்திலிருந்து ஐந்து பக்கங்களை எடுத்துவந்து மேசையில் வைக்கிறார். மாணவர் அந்த ஐந்தைப் படித்துவிட்டு விடை எழுதுகிறார். மணி அடித்ததும் பக்கங்களை எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த கேள்விக்கு வேறு ஐந்து. இந்த ஏற்பாட்டுக்கு 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை 'ரிட்ரீவல் ஆக்மென்டட் ஜெனரேஷன்' என்று பெயர் வைத்தது, சுருக்கமாக 'ராக்'. தேடி எடுத்து, அதைப் பார்த்து எழுதுவது என்பதுதான் அர்த்தம்.

மேசையின் அளவுக்கும் ஒரு பெயர் உண்டு, 'சூழல் சாளரம்'. ஒரே நேரத்தில் எவ்வளவு எழுத்தை மாதிரியின் முன் வைக்க முடியும் என்ற வரம்பு. உங்கள் குறிப்புகள் கொஞ்சமாக இருந்தால் சில செயலிகள் முழுவதையும் மேசையில் பரப்பிவிடும், தேடவே தேடாது. பத்து வருடக் குப்பை என்றால் தேடித்தான் ஆகவேண்டும்.

"ஆனா போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வச்சிருக்கே?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. சில செயலிகள் உங்களைப் பற்றிச் சில வரிகளைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உரையாடலிலும் அந்தச் சீட்டையும் மேசையில் சேர்த்து வைக்கின்றன. அதுவும் சீட்டுதான், மூளைக்குள் போனதில்லை.

இதுவரை: துண்டாக்கு, எண்ணாக்கு, நெருங்கியதை எடு, எடுத்ததைப் படித்துச் சொல். நாலே படி. மாமாவுக்கு எந்தப் படியில் வழுக்கியது?

## மாமாவின் தேதி

போன வருடச் சீட்டு வந்தபோது அத்தை பொறுப்பாகத் தட்டெழுதியிருந்தார்: 'கண் பரிசோதனை', தேதி, நேரம், மாடி. இந்த வருடச் சீட்டை மாமா படம் எடுத்தார். மடிப்பு விழுந்த சீட்டு, சாய்ந்த கோணம், மேலே கட்டைவிரல் நிழல். படத்திலிருக்கும் எழுத்தைப் படித்து எடுக்கும் வசதிக்கு 'ஓசிஆர்' என்று பெயர். அது அந்தப் படத்திலிருந்து என்ன எடுத்திருக்கிறது என்று திறந்து பார்த்தோம். அரைகுறை எண்கள், துறையின் பெயர் மூன்றெழுத்துச் சுருக்கமாக. கண் என்றோ பரிசோதனை என்றோ பொருள் தரும் ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே அதன் பொருளெண்கள் எங்கோ தள்ளிப் போய்விட்டன. 'அடுத்த கண் பரிசோதனை' என்ற கேள்விக்கு மிக நெருக்கமாக நின்றது அத்தை தட்டெழுதிய பழைய குறிப்பு. 'அடுத்த' என்ற சொல்லுக்கு இன்றைய தேதியைப் பார்த்துக் கழித்தால்தான் அர்த்தம், நெருக்கம் பார்க்கும் தேடல் அந்தக் கழித்தலைச் செய்யாது. மேசைக்கு வந்தவற்றில் கண் பரிசோதனையைப் பற்றிய ஒரே காகிதத்தை மாணவர் தெளிவாக வாசித்துக் காட்டினார். தேதி பழசு என்பதை அவராவது சந்தேகித்திருக்கலாம், அது அவர் தவறுதான். பொய் சொன்னார் என்பது மட்டும் பொருந்தாது.

மாமா அங்கேயே ஒரு வரி தட்டினார்: 'அத்தை கண் பரிசோதனைக்குப் புதுச் சீட்டு', கூடவே தேதி, 'போன வருடச் சீட்டு முடிந்தது'. மறுபடி கேட்டோம். இரண்டு குறிப்பும் மேசைக்கு வந்தன, புதியது பதிலாக வந்தது.

## இன்னும் சில இடறல்கள்

எண்ணிக்கை. 'இந்த வருடம் எத்தனை முறை பலதுறை மருந்தகத்துக்குப் போனோம்?' என்று கேட்டால், பதினைந்து குறிப்பு இருந்தாலும் மேசைக்கு வந்த ஐந்தைத்தான் எண்ணக்கூடும். எண்ணி முடித்த தொனியிலேயே சொல்லும். மொத்தச் செலவு கேட்பதும் இப்படித்தான். கூட்டல் கழித்தலுக்கு விரிதாள் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எதிர்மறை. 'இறால் சாப்பிடலாம்', 'இறால் சாப்பிடக் கூடாது' இரண்டும் இறாலைப் பற்றியவை, இரண்டும் சாப்பிடுவதைப் பற்றியவை. பொருளெண்களில் இரண்டும் நெருங்கித்தான் நிற்கும். ஒவ்வாமை, மருந்து அளவு போன்றவற்றில் மூலக் குறிப்பைத் திறந்து பார்க்காமல் எந்தப் பதிலையும் நான் நம்புவதில்லை. கூகலின் நோட்புக்எல்எம் போன்ற கருவிகள் பதிலின் ஓரத்தில் சின்ன எண்ணைப் போட்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டும். அந்த எண்ணைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழ். இதுதான் நம்மவருக்கு வாய்த்த தனிச் சோதனை. ஒரு நாள் 'கண்' என்பதை ஓர் 'என்' போட்டு எழுதுவோம், மறுநாள் இரண்டு 'என்' போடுவோம். எழுத்துக்கூட்டலே நிலையில்லாததால் எண்களும் நிலைகொள்வதில்லை. தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதினால் தேடல் கண்ணுக்குத் தெரிய மேம்படுகிறது, குரலில் சொல்லித் தட்டெழுத வைத்தாலும் சரி. 'ஏஐ சிங்கப்பூர்' என்ற தேசியத் திட்டம் உருவாக்கிவரும் 'சீ-லயன்' மொழி மாதிரியில் தமிழும் ஒரு மொழி, எனவே இந்தப் பக்கம் நிலைமை நகர்ந்துகொண்டிருக்கிறது.

## எதைப் போடுவது, எதைப் போடக் கூடாது

குறிப்பு எழுதும்போது, ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். 'நாளைக்குப் போகணும், மறக்காதே' என்பது இன்றைக்குத் தெளிவு, அடுத்த மாதம் யாருக்கும் புரியாது. யார், என்ன, எந்தத் தேதி, மூன்றும் ஒரே வரியில் இருந்தால் வெட்டினாலும் துண்டு தனியாக நிற்கும். படத்துக்குக் கீழே ஒரு வரி விளக்கம்.

பெரும்பாலான செயலிகளில் உங்கள் எழுத்து கைப்பேசியைத் தாண்டி நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. சில நிறுவனங்கள் பயனர் எழுதுவதைப் பின்னாளில் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்வதுண்டு. அமைப்புகளில் அதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அடையாள அட்டை எண், சிங்பாஸ் கடவுச்சொல், வங்கி விவரம் எதுவும் அங்கே வேண்டாம். 2012-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது, வீட்டு விஷயமாகத் தனியொருவர் சேர்த்துவைப்பது அதற்குள் வராது. ஆகவே குடும்பக் குழுவில் வந்த அடுத்தவர் மருத்துவச் சீட்டை ஏற்றுவதா வேண்டாமா என்பதை அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. அலுவலகக் குறிப்புகளை அலுவலகம் அனுமதித்த கருவியில் மட்டும்.

## முதலில் இருபது குறிப்பு

மாமா போல ஒரே நாளில் பத்து வருடத்தைக் கொட்டாதீர்கள். இருபது குறிப்பு ஏற்றுங்கள், உங்களுக்கே விடை தெரிந்த ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்று நேரடியாக. ஒன்று குறிப்பில் இல்லாத வேறு சொல்லால். ஒன்று, இரண்டு தேதியில் எது புதியது என்று. ஒன்று, படத்தில் மட்டும் இருப்பதைப் பற்றி. கடைசிக் கேள்வி, அந்த இருபதில் எங்குமே இல்லாத ஒன்றாக இருக்கட்டும்.

நான் கேட்டது, 'எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் எந்த வருடம் வாங்கியது?' ஒரு கருவி 'இந்தக் குறிப்புகளில் அது இல்லை' என்றது. இன்னொன்று, குளிர்சாதனப் பெட்டியின் ரசீதிலிருந்து வருடத்தை எடுத்துச் சலவை இயந்திரத்துக்குச் சூட்டியது. முதலாவதைத்தான் மாமாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.